நெடுஞ்சாலைச் சுமைதாங்கிகள்

நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களுக்கான ஓய்விடங்களைத் திட்டமிடுவது பற்றிச் சில எண்ணங்கள்

சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் கார் மோதியது என்ற செய்தியை நாம் அனைவரும் நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். காரில் பயணம் செய்தவர்கள் யார், எந்த ஊருக்குச் சென்றுகொண்டிருந்தார்கள், விபத்து எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பனவற்றை அச்செய்தி விரிவாகக் கூறும். அந்த லாரி அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஏன் நின்றது என்பதற்கு மட்டும் அதில் பெரும்பாலும் விடை இராது. வண்டி பழுதாகி நின்றிருக்கலாம். பல வேளைகளில் காரணம் அதைவிட எளியது. ஓட்டுநருக்கு உறக்கம் வந்தது. வண்டியை நிறுத்துவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு மிகச் சிறியது. ஆயினும் உயிரிழப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றில்தான் நேர்ந்தன. இவ்விபத்துகள் அனைத்துக்கும் உறக்கமின்மையே காரணம் என்று கூற இயலாது. எனினும், சாலையை அகலப்படுத்துவதிலும் வேகத்தைக் கூட்டுவதிலும் நாம் செலுத்திய கவனத்தில் ஒரு பகுதியையேனும், அச்சாலையில் பகலிரவாக வண்டியோட்டும் மனிதரின் உறக்கத்தின்மீது செலுத்தினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் கூறும் ஓய்வு

லாரி ஓட்டுநரின் ஓய்வு அவருடைய சொந்த விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்று என்று பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களில், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு, நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை செல்லலாம். எக்காரணம் கொண்டும் அதனைக் கடக்கலாகாது. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவருக்கு அரை மணி நேர இடைவேளை வேண்டும். ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும். இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை அமைப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் அச்சட்டம் கூறியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இதனைத் தன்னுள் இணைத்துக்கொண்டது.

1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களைக் கருதி எழுதப்பட்டது. நம் நாட்டு லாரித் தொழிலோ பெரும்பாலும் ஓரிரு லாரிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கைகளில் இருக்கிறது. உரிமையாளரே ஓட்டுநராக இருப்பதும் உண்டு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவர் எங்கே ஓய்வறை கட்ட முடியும்? ஆகவே, தனி ஒருவரால் இயலாத அப்பொறுப்பைச் சாலையே ஏற்க வேண்டியதாகிறது.

நாமக்கல் முதல் ஹைதராபாத் வரை

ஓய்விடங்களை எங்கெங்கே அமைப்பது என்பதைக் கணக்கிட ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தபூர், கர்னூல் வழியாக ஹைதராபாத் ஏறத்தாழ 830 கிலோமீட்டர் தொலைவு. சுமையேற்றிய லாரி சுங்கச்சாவடி, ஏற்றம், நகர நெரிசல் ஆகியவற்றைக் கடந்து சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக்கொண்டால், ஓட்ட நேரம் மட்டும் 21 மணி ஆகும்.

நாளொன்றுக்கு 10 மணி நேரம் என்ற வரம்பின்படி முதல் நாள் ஓட்டம் 400 கிலோமீட்டரில், பெனுகொண்டாவை ஒட்டி முடியும். இரண்டாம் நாள் ஓட்டம் 800 கிலோமீட்டரில், ஷாத்நகருக்கும் ஷம்ஷாபாத்துக்கும் இடையில், அதாவது ஹைதராபாத்தின் வாசலில் முடியும். முழு இரவு உறங்குவதற்கான பெரிய ஓய்விடங்கள் தேவைப்படுபவை இவ்விரு இடங்களே. இடையில் நான்கைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை உண்ணவும், முகம் கழுவவும், அரை மணி நேரம் கண்ணயரவும் சிறிய ஓய்விடங்கள் இருந்தால் போதும்.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது எளிது. ஆனால் பயன்படும் ஓய்விடத்தின் அளவு, அங்கு வந்துசேரும் லாரிகள் எந்தச் சரக்குச் சந்தையிலிருந்து புறப்பட்டன, எத்தனை மணி நேரமாக ஓடியிருக்கின்றன என்பவற்றைப் பொறுத்தது. மனிதரின் களைப்புக்குத் தனி வரைபடம் உண்டு. திட்டமிடுவோர் முதலில் காண வேண்டியது அதைத்தான்.

நகரத்தின் வாசலில்

ஹைதராபாத் இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரிய நகரம். காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும், புணேயிலிருந்து மசூலிப்பட்டினம் செல்லும் 65ஆம் எண் நெடுஞ்சாலையும், வாரங்கல் நோக்கிச் செல்லும் 163ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கே சந்திக்கின்றன. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டு வழி வெளிவட்டச் சாலை அமைந்துள்ளது. பேகம் பஜார் மொத்த வணிகத்துக்கும், ஜீடிமெட்லா, பட்டான்செரு தொழிற்பேட்டைகளுக்கும் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் சரக்கு வருகிறது.

பகல் வேளைகளில் கனரக லாரிகள் நகருக்குள் நுழையத் தடை இருக்கிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த நகரில் அத்தடை தேவையானதே. ஆனால் அதன் விளைவாக, காலையில் வந்துசேரும் லாரி இரவு வரை எங்கேயோ நிற்க வேண்டும். வெளிவட்டச் சாலையில் நிற்கக் கூடாது. உட்புறத் தடங்களில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையின் ஓரத்தில் லாரி நிற்பது எவருக்கும் ஆபத்து. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை ஓட்டுநர் எங்கே கழிப்பார்?

ஆகவே ஓய்விடங்கள் இரு வகைப்படும் என்பதை நாம் உணர வேண்டும். ஒன்று, வழியில் உறங்குவதற்கான இடம். மற்றொன்று, நகரத்தின் வாசலில் காத்திருப்பதற்கான இடம். முன்னது பெரும்பாலும் இரவில் பயன்படும். பின்னது பகலில் பயன்படும். மே மாத ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரக் கூரையின்கீழ் போட்ட கட்டில் உறக்கத்தைத் தராது. பகல் ஓய்விடத்துக்கு வேப்பமரமும் புங்கமரமும் காற்றோட்டமும் மின்விசிறியும் கட்டடத்தைப் போலவே இன்றியமையாதவை.

இத்தேவையை உணர்ந்து ஹைதராபாத் மாநகர வளர்ச்சி ஆணையம் தனியார் பங்கேற்புடன் வெளிவட்டச் சாலையை ஒட்டி மங்கள்பள்ளி, பாட்டசிங்காரம் ஆகிய இடங்களில் சரக்குப் போக்குவரத்துப் பூங்காக்களை அமைத்துள்ளது. கிடங்குகளோடு லாரி நிறுத்துமிடமும் ஓட்டுநர் தங்குமிடமும் ஒரே வளாகத்தில் அமைவது நல்ல முறை. பெரிய லாரி இங்கே சுமையை இறக்க, சிறிய வண்டிகள் அதனை நகருக்குள் எடுத்துச் சென்றால் காத்திருப்பின் தேவையே குறைந்துவிடும்.

முன்னோர் கண்ட வழி

பாட்டசிங்காரத்திலிருந்து அதே விஜயவாடா சாலையில் நகரை நோக்கிச் சற்றுத் தொலைவு வந்தால் ஹயாத்நகர் வரும். குதுப் ஷாஹி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே எழுப்பப்பட்ட பள்ளிவாசலின் நாற்புறமும் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைக் கொண்ட சராய் ஒன்று கட்டப்பட்டது. அருகிலேயே யானைக் கிணறு என்று பொருள்படும் பெயர் கொண்ட பெருங்கிணறும் உள்ளது. கோல்கொண்டாவிலிருந்து மசூலிப்பட்டினத் துறைமுகத்துக்குச் சென்ற வணிகர்கள் நகர எல்லையில் தங்குவதற்கு இடமும், அவர்களுக்கும் கால்நடைகளுக்கும் தண்ணீரும் ஒருங்கே கிடைத்தன. சாலையும் சந்தையும் துறைமுகமும் மட்டுமே வணிகம் ஆகிவிடாது, இடையில் உறங்கும் இடமும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதனினும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சாலையோரத்தில் இரு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கப்பட்ட சுமைதாங்கியை நம்மில் பலர் பார்த்திருப்போம். தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் தலைக்கு ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அக்கல் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். தரையில் இறக்கிய சுமையைத் தூக்கிவிட வழியில் ஆள் இருக்கமாட்டார் என்பதை அறிந்த ஒருவரே அந்த உயரத்தை முடிவு செய்திருக்க முடியும். சுமப்பவரின் நிலையிலிருந்து சிந்திப்பதே நல்ல திட்டமிடல் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

லாரியிலிருந்து தொடங்கும் திட்டம்

இக்கால ஓய்விடங்கள் பலவும் காரில் வரும் குடும்பங்களை மனத்தில் கொண்டு கட்டப்படுகின்றன. கண்ணாடி முகப்பு, குளிரூட்டப்பட்ட உணவகம், விளையாட்டுத் திடல் ஆகியவை முன்னே அமைகின்றன. லாரிக்குப் பின்புறத்தில் மண் தரை ஒதுக்கப்படுகிறது. லாரி ஓட்டுநர் அங்கே தங்குவதில்லை என்று பிறகு குறை கூறப்படுகிறது. அவர் தங்காமைக்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது பாதுகாப்பு. லாரியில் இருப்பது பிறருடைய சரக்கு. டீசல் திருட்டு, தார்ப்பாய் அறுப்பு, உதிரி டயர் களவு ஆகியவற்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநரே. வண்டி கண்ணில் படாத இடத்தில் மெத்தை விரித்துக் கொடுத்தாலும் அவருக்கு உறக்கம் வராது. எனவே சுற்றுச்சுவர், இரவு முழுதும் விளக்கு, கண்காணிப்புக் கேமரா, வண்டி எண்ணைப் பதிவு செய்யும் காவலர் ஆகியவையே ஓய்விடத்தின் முதற்செலவாக இருக்க வேண்டும். படுக்கை அதற்குப் பின்னர்.

இரண்டாவது இட அமைப்பு. இணைப்பு லாரிகளில் சில 18 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அவற்றைப் பின்னோக்கி எடுத்து நிறுத்துவது களைத்தவருக்குக் கடினம். பிற வண்டிகளுக்கு ஆபத்து. ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்படி சாய்வான நிறுத்தங்கள் அமைய வேண்டும். எரிவாயு டேங்கர்களுக்குச் சமையல் கூடத்திலிருந்து விலகிய தனி இடம் வேண்டும். சாலையின் இரு புறத்திலும் ஓய்விடம் தேவை; எதிர்ப்புறத்தில் இருக்கும் ஓய்விடத்துக்காக எவரும் பத்துக் கிலோமீட்டர் சுற்றி வரமாட்டார்.

மூன்றாவது செலவு. ஓட்டுநருக்கு நடை ஒன்றுக்குக் குறிப்பிட்ட பேட்டா தரப்படுகிறது. அதில் மிச்சமாவது வீட்டுக்கு அனுப்பும் பணம். படுக்கைக்கும் குளியலுக்கும் அவர் தம் பேட்டாவிலிருந்து கொடுக்க வேண்டுமென்றால், கேபினிலேயே முடங்கிக்கொள்வார். ஆகையால் நிறுத்துமிடமும் கழிப்பறையும் கட்டணமின்றி அமைவதும், தங்கும் கட்டணத்தை உரிமையாளர் நேரடியாகச் செலுத்துவதும் நடைமுறைக்கு ஏற்றவை. தாமே சமைத்து உண்ணும் வழக்கமுடையவர்களுக்கு மேடையும் தண்ணீரும் வேண்டும். துணி துவைக்கும் கல்லும் காயவைக்கும் கொடியும் சிறிய வசதிகள்தாம். பதினைந்து நாள் வீட்டைப் பிரிந்திருப்பவருக்கு அவை பெரிய உதவி.

இங்கும் பிற நாடுகளிலும்

தேசிய நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சாலையோர வசதி மையங்களை அமைப்பது அரசின் கொள்கையாக உள்ளது. 2024 பிப்ரவரியில், ஓட்டுநர்களுக்கென முதற்கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பெட்ரோல் நிலையங்களில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் தங்குமிடங்களை நடத்துகின்றன. 2025 ஜூலைத் தொடக்கத்தில் இவை 368 இடங்களில் 4,611 படுக்கைகளோடு இயங்கின. படுக்கை, குளியலிடம், கழிப்பறை, தாமே சமைக்கும் இடம் ஆகியவை இவற்றில் உள்ளன. கைப்பேசிச் செயலி மூலம் முன்பதிவு செய்துகொள்ளலாம். இத்தகைய வசதி இருப்பதையே அறியாத ஓட்டுநர்கள் பலர் இருக்கக்கூடும். லாரி உரிமையாளர்களான நம் வாடிக்கையாளர்கள் இதனைத் தம் ஓட்டுநர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். வண்டியில் பொருத்திய கருவி அதனைப் பதிவு செய்கிறது. வாராந்திர முழு ஓய்வை வண்டியின் கேபினில் கழிக்கவும் அங்கே தடை உண்டு. ஜப்பானில் 1993 முதல் ‘மிச்சி நோ எக்கி’ எனப்படும் சாலை நிலையங்கள் செயல்படுகின்றன. இருபத்து நான்கு மணி நேரமும் இலவச நிறுத்துமிடமும் கழிப்பறையும் உள்ள இந்நிலையங்களில், சுற்று வட்டார உழவர்கள் தம் விளைபொருள்களை விற்கின்றனர். இன்று அவற்றின் எண்ணிக்கை 1,200ஐத் தாண்டியுள்ளது. ஓய்விடம் அருகிலுள்ள கிராமத்துக்கும் வருவாய் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் அனுபவம் வேதனையிலிருந்து பிறந்தது. 2009 மார்ச்சில் ஜேசன் என்ற லாரி ஓட்டுநர் தென் கரோலைனாவில் சரக்கு இறக்கும் இடத்தை உரிய நேரத்துக்கு முன்பே நெருங்கிவிட்டார். காத்திருக்கப் பாதுகாப்பான இடமின்றி, கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தியபோது, கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் இடைவிடா முயற்சியால் 2012இல் லாரி நிறுத்துமிடங்களுக்கான விதிகள் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்ந்தன. அவை ஜேசன் சட்டம் என்றே அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் லாரி நிறுத்தும் வசதி போதுமானதாக உள்ளதா என ஆய்வு செய்வதை அச்சட்டம் கட்டாயமாக்கியது. நகரத்தின் வாசலில் காத்திருக்கும் இடமும் உயிர் காப்பதே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கடன் கணக்கில் உறக்கம்

இனி, வங்கிக்கும் லாரி ஓட்டுநரின் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. லாரிக் கடனுக்கான விண்ணப்பத்தில் மாதத்துக்கு எத்தனை நடை என்ற மதிப்பீடு இடம்பெறும். அந்த எண்ணின்மீதே வருவாயும், வருவாயின்மீதே மாதத் தவணையும் கணக்கிடப்படுகின்றன.

முன்னர் கண்ட நாமக்கல் - ஹைதராபாத் தடத்தையே எடுத்துக்கொள்வோம். போய்வர ஓட்ட நேரம் ஏறத்தாழ 42 மணி. அதாவது நான்கு நாள் ஓட்டமும் சற்று மிகுதியும். சுமை ஏற்ற, இறக்க இரு முனைகளிலும் ஒவ்வொரு நாள் என்று கொண்டால் ஒரு நடைக்கு ஆறு நாள். மாதத்துக்கு 5 நடை. விண்ணப்பத்தில் 7 நடை என்று எழுதப்பட்டிருந்தால் என்ன பொருள்? நடை ஒன்றுக்கு நான்கே கால் நாள். அதில் ஏற்றியிறக்கும் இரு நாளைக் கழித்தால் எஞ்சுவது 55 மணி நேரம். ஓட்டத்துக்கு 42 மணி போக, உணவு, குளியல், சுங்கச்சாவடி, உறக்கம் அனைத்துக்கும் சேர்த்துப் போகவரக் கிடைப்பது 13 மணி நேரமே. இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாலன்றி இக்கணக்கு நிறைவேறாது. ஒரே ஓட்டுநரை வைத்துக்கொண்டு 7 நடையை நம்பித் தவணை நிர்ணயித்தால், அத்தவணையின் ஒரு பகுதி அவருடைய உறக்கத்திலிருந்து செலுத்தப்படுகிறது.

தவணைத் தொகை சற்றுக் குறைந்து, கடன் காலம் சற்று நீண்டாலும், 5 நடையில் கட்டக்கூடிய கடனே பாதுகாப்பான கடன். ஒரு விபத்தில் லாரி மூன்று மாதம் பணிமனையில் நின்றால், கூடுதலாக ஓடிய நடைகளின் வருவாய் அனைத்தும் கரைந்துவிடும். உயிரிழப்பு நேர்ந்தால் அதற்கு ஈடே இல்லை. டீசல், சுங்கம், டயர் தேய்மானம் ஆகியவற்றோடு தங்கும் செலவையும் ஒரு தனி இனமாக நடைக்கணக்கில் சேர்ப்பது நல்ல வணிக முறை. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயதுக்குட்பட்ட தம் ஓட்டுநர்களை உரிமையாளர்கள் சேர்த்துவிடலாம். ஓட்டுநரின் வங்கிக் கணக்கு வழியாகவே இது நடைபெறும்.

நெடுஞ்சாலையோரத்தில் உணவகமோ நிலமோ உடைய வாடிக்கையாளர்களுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. பெரிய மாளிகை கட்டத் தேவையில்லை. கற்காரைத் தளம், விளக்குகள், கேமரா, ஆறு குளியலறைகள், நிழல் ஆகியவை இருந்தால் லாரிகள் நிற்கும். லாரி நின்றால் உணவும் தேநீரும் விற்கும், டயர்க் கடையும் பழுது பார்க்கும் கடையும் தாமே வந்து சேரும். படுக்கைக் கட்டணத்தை மட்டும் நம்பித் திட்டம் வகுப்பவர்கள் ஏமாற்றம் அடையக்கூடும்; அதனைச் சூழ்ந்த வணிகமே வருவாய் தரும். சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ‘தருண்’ பிரிவில் பெற்ற கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 2024 முதல் இவ்வரம்பு 20 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வளாகத்துக்கு வழி அமைக்க உரிய அனுமதி பெறுவதும், நிலப் பயன்பாட்டை மாற்றிப் பதிவு செய்வதும், உணவுப் பாதுகாப்பு உரிமம் பெறுவதும் கடன் விண்ணப்பத்துக்கு முன்னரே முடிக்க வேண்டிய பணிகள். இவற்றுள் முதலாவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கட்டடத்தைத் தொடங்குவது வீண் செலவில் முடியலாம்.

அரசும் எண்ணெய் நிறுவனங்களும் ஓய்விடங்களைக் கட்டலாம். ஆனால் அவற்றின் வாயிலில் லாரியை நிறுத்த அனுமதிப்பது, நடையின் கால அளவை முடிவு செய்பவரின் கையில் இருக்கிறது. லாரிக் கடன் வேண்டி எங்கள் கிளைகளுக்கு வரும் உரிமையாளர்கள், தாங்கள் கொண்டுவரும் நடைக்கணக்கில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டுகிறோம்: ஓட்டுநர் எந்த ஊரில், எத்தனை மணி நேரம் உறங்குவார் என்ற வரி அது.